எதுவும் கேக்க மாட்டோம் சார்

கும்மிடிப்பூண்டி,
22 ஆகஸ்ட் 2024

அருணாவுக்கு,

இனி போனில் பேச வேண்டாம். நேற்று நீ அழுதாய், நான் கத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து, "இன்னாடி, யாராண்ட இப்டி கத்திக்கினு கீற?" என்று கேட்டார். அருணாவிடம் என்றேன். "அந்தப் பொண்ணாண்டயா? அது உன்ன வுட்டா யாராண்ட பேசும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எழுதலாம் என்று தோன்றியது. வாட்ஸ்அப் என்றால் பாதியிலேயே நீ பதில் போடுவாய், நான் மீதியை எழுத மாட்டேன். காகிதம் என்றால் நீ முழுவதையும் படித்தாக வேண்டும்.

நீ ஜூன் மாதமே தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டாய். விபத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் புராஜெக்ட் மேனேஜர் வசந்தகுமார் அனுப்பிய அறிக்கைதான். நடந்தது இது.

ஆகஸ்ட் 11, ஆடி ஞாயிறு. ஆட்களில் பாதிப்பேர் பெரியபாளையம் கோயிலுக்குப் போய்விட்டார்கள். சூப்பர்வைசர் பீட்டர், மச்சானுக்குக் கல்யாணம் என்று லீவு. சைட்டில் பொறுப்பாக இருந்தது நான் ஒருத்திதான். குடோனுக்கு முன்னால் எழும்புகிற ஆபீஸ் கட்டடத்தில், தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங்கைப் பிரிக்கும் வேலை. மேஸ்திரி பச்சையப்பனிடம், "உள்ள இருக்கறத பிரிச்சிக்குங்க, போர்ட்டிகோ முட்டுல மட்டும் கை வெக்காதீங்க" என்றேன். போர்ட்டிகோ தளம் தூணுக்கு வெளியே தனியாக நீட்டிக்கொண்டு நிற்பது. கான்கிரீட் நன்றாக இறுகும்வரை கீழே இருக்கிற முட்டுதான் அதைத் தாங்க வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் மேஸ்திரியிடம் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அறிக்கையில் இருக்கிறதாமே, அதனால் எழுதுகிறேன்.

மேஸ்திரி "செரிம்மா" என்றார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்குக்குப் போனேன். எதற்கென்று உனக்குத் தெரியும். நீ இருந்தவரை ஒருத்தி போனால் இன்னொருத்தி நிற்பாள். இப்போது நான் போனால் என் இடம் காலி.

அந்த நேரத்தில் வசந்தகுமார் மேஸ்திரிக்கு போன் செய்திருக்கிறார். ஓனரின் மிஷினை ஏற்றி வந்த லாரி எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது, முன்பக்கத்தைக் காலி பண்ணு என்று. மேஸ்திரி போர்ட்டிகோ முட்டைப் பிரித்தார். தளம் சாய்ந்து விழுந்தது. அடியில் சித்தாள் கங்கம்மா. நான் வந்து வண்டியை நிறுத்தியபோது புழுதிகூட அடங்கவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். இன்ஜினியரைக் கேட்டுவிட்டுப் பிரி என்றுதான் தான் சொன்னதாகவும், அந்த இன்ஜினியர் சைட்டிலேயே இல்லை என்றும் மேனேஜர் சொல்கிறார். அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கம்பெனி கேட்டதற்கு, 'வேலை விஷயமாக வெளியே' என்று எழுதிக் கொடுத்தேன். பொய். எதிரே மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கை அப்படித்தான் எழுதியது.

அடுத்த மாதம் திருவள்ளூரில் தொழிலாளர் துறை விசாரணை. கக்கூஸ் போகத்தான் வெளியே போனேன், சைட்டில் எங்களுக்கு அது இல்லை என்று அங்கே சொல்லப்போகிறேன். நேற்று நீ சொல்லாதே என்றாய். ஏன் என்று சொல்ல நான்தான் விடவில்லை. எழுது. நிதானமாகப் படிக்கிறேன்.

பிரின்சி


சென்னை,
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரின்சிக்கு,

கடிதத்தை ஆபீசில் பிரிக்கவில்லை. ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து, அறைத்தோழி தூங்கிய பிறகு படித்தேன். கங்கம்மாவின் கால் விஷயம் எனக்குத் தெரியாது. அறிக்கையில் 'காலில் காயம்' என்றுதான் இருந்தது.

நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம் என்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று நீ சொல்வாய். கொஞ்சம் பொறுமையாகப் படி.

சைட் இன்ஜினியர் வேலைக்கு மூன்று பெண்களைத் தேர்வு செய்து எம்.டி.யின் மேஜையில் ஆர்டர் வைத்திருக்கிறேன். இளமதி, சந்திரகலா, ஜெனிபர். மூன்று பேரும் நம்மைப் போலக் கலவையிலும் கம்பியிலும் நிற்க வேண்டும் என்று வருகிறவர்கள். டிராயிங் அறையில் உட்கார வருகிறவர்கள் இல்லை. இந்த ஆர்டர்களை அவர் மேஜைவரை கொண்டுபோகவே நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. "சைட்டுக்கு லேடீஸ் சரிப்படாதும்மா" என்று சொல்லாத ஆள் இந்தக் கட்டடத்தில் லிப்ட் இயக்குகிறவர் ஒருவர்தான். நீ போய் விசாரணையில் இதைச் சொன்னால், மறுநாள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: பாத்ரூம் போயிருக்கு, தளம் விழுந்திருக்கு. அதற்குமேல் ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

நாம் அந்த சைட்டுக்குப் போன முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? வசந்தகுமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வாங்கம்மா. லேடீஸ் வந்தா பின்னாடியே ஒரு லிஸ்ட்டும் வரும்னு சொல்வாங்க. உங்க லிஸ்ட் என்ன?" என்றார். "எதுவும் கேக்க மாட்டோம் சார்" என்று நான் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய். வெளியே வந்து இரண்டு பேரும் எப்படிச் சிரித்தோம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நம்மை அங்கே வைத்துக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதை இப்போது எடுத்துவிட்டால் நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு சாத்திவிடும்.

நீ போனது பெட்ரோல் பங்கு. கான்கிரீட் வைப்ரேட்டர் மிஷினுக்கு டீசல் வாங்கப் போனேன் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அங்கே கேமராவில் நீ தெரிந்தாலும் தவறில்லை. வேலை விஷயமாக என்று நீ ஏற்கெனவே எழுதியதற்கும் பொருந்துகிறது.

இன்னொன்று. போர்ட்டிகோவைச் சுற்றி எச்சரிக்கை டேப் கட்டியிருந்ததாக அறிக்கை சொல்கிறது. அதைத் தாண்டி கங்கம்மா ஏன் உள்ளே போனார்? அவராகப் போனார் என்றால் உன்மேல் இருக்கிற பாரம் பாதி குறையும். அதைக் கேட்டுப் பார்.

நான் ஜூனில் கிளம்பாமல் இருந்திருந்தால் நீ அன்றைக்குத் தைரியமாகப் போயிருப்பாய். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அருணா


கும்மிடிப்பூண்டி,
3 செப்டம்பர் 2024

அருணா,

நீ கேட்கச் சொன்னாய். கேட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கங்கம்மாவின் மகன் கட்டிலின் காலடியில் நின்றிருந்தான். லாரி ஷெட்டில் வேலை செய்கிறவன். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"அக்கா, டேப்பு கட்டியிருந்துச்சே, உள்ள எதுக்குப் போனீங்க?"

"கலவ சொமக்கற பாண்டு எடுக்கப் போனேம்மா."

"பாண்டு கலவை மிஷினாண்டல்ல இருந்துச்சு."

அவர் மகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனுக்கு இன்னாம்மா ஞாபகம் கீது. வுட்டுடு" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் பச்சையப்பனைத் தேடிப் போனேன்.

உனக்கு இது தெரிய வாய்ப்பில்லை. நீ இருந்தபோது சித்தாள் பெண்கள் பின்பக்கம் சீமைக் கருவேலம் புதருக்குப் போவார்கள். ஜூலையில் காம்பவுண்ட் சுவர் எழும்பியதும் அந்த வழி போய்விட்டது. அப்புறம் அவர்களுக்குக் கிடைத்தது போர்ட்டிகோவின் அடி. முட்டுகள் காடு மாதிரி நிற்கும், சுவரோரம் பழைய தார்ப்பாய் ஒன்று தொங்கும். உள்ளே போகிறவர் டேப்பில் தன் துண்டைப் போட்டுவிட்டுப் போவார். துண்டு தொங்கினால் எந்த ஆணும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். யாரும் சொல்லி வைத்ததில்லை. அதுவாகவே வந்த ஏற்பாடு.

பச்சையப்பன் பைபாஸ் டீக்கடையில் இருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"துண்டு தொங்கிச்சும்மா" என்றார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். அதாம்மா பேஜாரு. பொம்பள உள்ள கீறாங்கன்னு தெரியுது. எப்டி கொரல் குடுக்கறது? 'எழுந்து வா'ன்னு கூவறதா? எங்க அக்கா வயசும்மா அதுக்கு. இவுரு போன்ல 'இன்னாய்யா பண்ணிக்கினு கீற, லாரி வந்துர்ச்சி'ன்னு கத்தறாரு. செரி, அந்தாண்ட கோடியிலர்ந்து பிரிச்சிக்கினு வருவோம், அதுக்குள்ள அது போயிரும்னு நெனச்சேன். போவல."

சத்தம் கேட்டு எழுந்து ஓடியிருக்கிறார். கால் மட்டும் அகப்பட்டுக்கொண்டது. அந்த சைட்டில் ஒரு ஆண்கூட ஒரு நாளும் அந்த மரியாதையை மீறியதில்லை, அருணா. மீறியிருந்தால் கங்கம்மாவுக்குக் கால் இருந்திருக்கும்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டேப் கட்டியதே நான். காலையில் துண்டைப் பார்த்தால் நானும் வேறு வழியாகப் போய்விடுவேன். அங்கே போகாதீர்கள் என்று சொன்னால், பின்னே எங்கே போவது என்று கேட்பார்கள். என்னிடம் ஸ்கூட்டி இருந்தது, அவர்களுக்குச் சொல்லப் பதில் இல்லை.

கம்பெனி வக்கீல் அந்தத் துண்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாராம். கங்கம்மா பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறி உள்ளே போனார், அதனால் இழப்பீடு கிடையாது என்று வாதாடப்போகிறார்கள். நான் டீசல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அப்புறம் அந்த சைட்டில் குற்றவாளி என்று மிஞ்சுவது ஒரே ஒருத்தி.

உன் மூன்று பெண்களைப் பற்றி யோசித்தேன். யோசிக்கவில்லை என்று நினைக்காதே. அவர்கள் வந்து எங்கே போவார்கள்? அந்த மூலைக்கா, பங்குக்கா?

பிரின்சி


சென்னை,
9 செப்டம்பர் 2024

பிரின்சிக்கு,

இதைப் படித்ததும் என்னைத் திட்டி எழுதுவாய். இரண்டு நாள் கழித்து எழுது.

விசாரணைக்குக் கம்பெனி தரப்புச் சாட்சியாக என்னை அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை வசந்தகுமார் தலைமை அலுவலகத்துக்கு வந்திருந்தார். என் மேஜைக்கே வந்து உட்கார்ந்தார். இதுவரை அவர் அப்படி வந்ததில்லை.

"நீ வந்தா போதும்மா. ஒரு லேடி வந்து, எங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னு சொன்னா கேஸ் முடிஞ்சுது. நீதானே அன்னைக்குச் சொன்னே? புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். சொன்னதையே சொல்லு."

பிறகு எழுந்திருக்கும்போது, "அந்த மூணு ஆர்டரும் எம்.டி. டேபிள்ல இருக்கில்ல? நல்லபடியா முடியட்டும், நானே எடுத்துச் சொல்றேன்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உதவி செய்கிற குரலில்தான் சொன்னார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அது எனக்குப் பழகிவிட்டது.

அந்தத் துண்டு பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. நான் அந்த சைட்டில் இருந்த காலத்தில் சித்தாள்கள் கருவேலம் புதருக்குப் போவார்கள் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிகிறது. எத்தனை மூட்டை சிமென்ட் வந்தது, எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி, எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்பதுதான் சரியாக இருக்கும்.

நேற்று அப்பா பொதட்டூர்பேட்டையிலிருந்து பேசினார். நடவு முடிந்துவிட்டதாம். ஊரில் யாரிடமோ, "எம் பொண்ணு இப்ப ஹெட் ஆபீசு, ஆளு எடுக்கறதே அதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை உன்னிடம் மறைத்துவிட்டு அங்கே வந்து உன் எதிரில் உட்கார முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

அருணா


கும்மிடிப்பூண்டி,
14 செப்டம்பர் 2024

அருணா,

இரண்டு நாள் கழித்தே எழுதுகிறேன். திட்டப்போவதில்லை. எனக்கு இப்போது வேறு பிரச்சினை.

கங்கம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எளாவூரில் ரோட்டை ஒட்டிய தெரு. ராத்திரியும் பகலும் லாரி போகிற சத்தத்தில் வீடு அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் கழிப்பறை கிடையாது. இருட்டிய பிறகு மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதற்காகச் சாயங்காலத்துக்குமேல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று மருமகள் சொன்னாள். எனக்கு நம் இரண்டு பேர் ஞாபகம்தான் வந்தது.

மகன் வெளியே போனதும் நான் நேராகவே கேட்டேன். "அக்கா, அங்க எதுக்குப் போனீங்கன்னு எனக்குத் தெரியும். விசாரணையில அதச் சொன்னாத்தான் உங்களுக்கு எதாவது கிடைக்கும்."

கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல வலுவான கை.

"அத்த மட்டும் சொல்லிராதம்மா. உனுக்குப் புண்ணியமாப் போவும். நாலு ஆம்பளைங்க எதுருல, கொல்லைக்குக் குந்தினு இருக்க சொல்ல மேல வுழுந்துச்சுன்னு எழுதுவாங்களா? எம் பையன் ஷெட்டுல மூஞ்சி காட்ட வேணாமா? காலு போச்சு, போவட்டும். பாண்டு எடுக்கப் போனேன். அவ்ளோதான்."

"பாண்டுன்னா ஒண்ணும் கிடைக்காதுக்கா."

"கெடைக்கலன்னா போவுது. உனுக்கு இன்னா, நீ படிச்ச பொண்ணு, எத்த சொன்னாலும் எடுபடும்."

எடுபடாது என்று சொல்ல நினைத்தேன். நானே 'வேலை விஷயமாக' என்று எழுதிக் கொடுத்தவள்தானே. அவருக்குப் பாண்டு, எனக்கு வேலை விஷயம்.

அதனால் முடிவு இது. என் விஷயத்தை நான் சொல்வேன். அவர் விஷயத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் சொல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பச்சையப்பனும் சொல்ல மாட்டேன் என்கிறார். "அது வாயால வராத நா எப்டிம்மா சொல்றது?" என்கிறார்.

நீ என்ன சொல்வாய் என்று கேட்கவில்லை. 26-ஆம் தேதி, காலை. திருவள்ளூர் தொழிலாளர் துறைக் கட்டடத்தின் முதல் மாடி. இந்தத் தடவை யாராவது எனக்குப் பதிலாக நிற்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நான் வரவில்லை.

பிரின்சி


சென்னை,
23 செப்டம்பர் 2024

பிரின்சி,

வருகிறேன். கம்பெனி காரில்தான் வருகிறேன், வசந்தகுமாரோடு. வாசலில் என்னிடம் பேசாதே. பேசினால் உள்ளே எனக்குக் குரல் வராது.

அருணா


கும்மிடிப்பூண்டி,
28 செப்டம்பர் 2024

அருணாவுக்கு,

உன்னிடம் கேட்டு முடித்ததும், நீங்கள் போகலாம் என்றார் அதிகாரி. நீ திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கம்பெனி கார் நின்ற பக்கம் போகாமல் ரயில் நிலையம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கழிப்பறைக்குப் போனேன் என்று சொன்னபோது டைப் செய்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வசந்தகுமார் சிரித்தார். "யாருமே கேக்கல சார். வந்த அன்னைக்கே எதுவும் வேணாம்னு சொன்னவங்க இவங்க. அருணா மேடம்தான் சொன்னாங்க, இதோ இருக்காங்க, கேளுங்க" என்றார். நீ எழுந்து, "ஆமா சார், சொன்னேன்" என்றாய். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த நிமிடம் நான் உன்னை வெறுத்தேன். மறைக்க மாட்டேன்.

பிறகு நீ சொன்னாய்: "அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சைட்டுல தண்ணி குடிக்கறதில்ல சார். எனக்கு ரெண்டு தடவ இன்பெக்‌ஷன் வந்து, வைரல் பீவர்னு லீவு எழுதிக் குடுத்தேன். சித்தாள்ங்க எங்க போறாங்கன்னு நான் பாக்கவே இல்ல. பாத்திருந்தா நான் கேட்டிருக்கணும். கேட்டா சொன்ன வார்த்தை போயிடும். அதனால பாக்கல." உன் குரல் நடுங்கவில்லை. இரண்டு தடவை காய்ச்சல் என்று என்னிடமும் அல்லவா சொன்னாய்?

நீ போன பிறகு, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கங்கம்மாவைக் கூப்பிட்டார்கள். மகன்தான் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். அதிகாரி பழைய வாக்குமூலத்தைப் படித்தார். பாண்டு எடுக்க உள்ளே போனேன் என்று இருக்கிறது, இதுதானே என்று கேட்டார்.

கங்கம்மா நீ வெளியே போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம், "நைனா, நீ போய் ஆட்டோக்காரனாண்ட நில்லு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"போன்றேன்ல."

"அவன் இருப்பாம்மா, எங்க பூடப் போறான்?"

"டேய், போடா."

அவன் என்னை முறைத்துவிட்டுப் போனான். கதவு சாத்துகிறவரை காத்திருந்தார். அதிகாரியைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்க்கவில்லை, டைப் செய்கிற அம்மாவின் பக்கம் உடம்பைத் திருப்பிக்கொண்டார். "பாண்டு எடுக்கப் போவலம்மா" என்று ஆரம்பித்தார். முழுவதையும் சொன்னார். காம்பவுண்டு எழும்பியது, தார்ப்பாய், துண்டு, எல்லாம். குரல் உயரவே இல்லை. கேட்க வேண்டுமென்று அறையில் இருந்த ஆண்கள் முன்னால் சாய வேண்டியிருந்தது. "ஏம்மா இத முன்னாடியே சொல்லல?" என்று அதிகாரி கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு தண்ணி குடிக்காத இருந்துச்சுன்னு சொல்லுது, படிச்ச பொண்ணு. எனுக்கு இன்னா அதுக்கு மேல வெக்கம்?" என்றார்.

பச்சையப்பன் அழுதார். வெளியே வந்ததும் மகன் கேட்டான்: "இன்னாம்மா கேட்டாங்க?" கங்கம்மா, "காலு வலிக்கிதான்னு கேட்டாங்க" என்றார்.

இழப்பீட்டை எதிர்க்கப்போவதில்லை என்று வக்கீல் நேற்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். என் சஸ்பெண்ட் பற்றி இன்னும் தகவல் இல்லை. உனக்கு என்ன ஆயிற்று? ஒரு வரியாவது எழுது.

பிரின்சி


சென்னை,
21 அக்டோபர் 2024

அன்புள்ள பிரின்சிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுத நல்லதாக எதுவும் இல்லாததால் தள்ளிப்போட்டேன்.

உன்மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் சைட் கிடையாது. அம்பத்தூர் ஸ்டோரில் உட்காரச் சொல்லி ஆர்டர் வரும். ஆயத்தமாக இரு. என்னை டெண்டர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் எடுக்கிற வேலை இனி என்னிடம் இல்லை. இந்த வாரம் எல்லாப் பிரிவுக்கும் எம்.டி. ஒரு உத்தரவு அனுப்பியிருக்கிறார். மிகவும் மரியாதையான பாஷை. போதிய வசதிகள் செய்து முடிக்கும்வரை, பெண் ஊழியர்களின் பாதுகாப்பையும் கண்ணியத்தையும் கருத்தில் கொண்டு, எந்த சைட்டிலும் பெண் இன்ஜினியர்களை நியமிக்க வேண்டாம். எப்போது முடிப்பார்கள் என்று அதில் இல்லை. சித்தாள்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் நாளைக் காலையும் வேலைக்கு வருவார்கள்.

கதவு சாத்திவிடும் என்று ஆகஸ்டில் உனக்கு எழுதினேன். சாத்திவிட்டது. பார்த்தாயா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கங்கம்மா கதவு சாத்துகிறவரை காத்திருந்து பேசியதை நீ எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

மூன்று பெண்களுக்கும் ஆர்டர் கிடையாது என்று சொல்கிற வேலையைக் கடைசியாக என்னிடமே கொடுத்தார்கள். காலியிடம் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். சந்திரகலாவிடமும் ஜெனிபரிடமும் அப்படியே சொன்னேன். இரண்டு பேரும் நன்றி மேடம் என்று வைத்துவிட்டார்கள். அந்த நன்றியைக் கேட்ட பிறகு மூன்றாவது போனை உடனே செய்ய முடியவில்லை. கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.

இளமதியிடம் உண்மையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன், கங்கம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. முதல் நாள் வசந்தகுமார் கேட்டதையும் நாம் சொன்ன பதிலையும்கூடச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஒரு தடவை ஹலோ என்றேன். "இருக்கேன் மேடம்" என்றாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்டது.

பிறகு அவள் கேட்டாள்: "நீங்க ரெண்டு பேர் இருந்தீங்களே மேடம். ஏன் அன்னைக்கே கேக்கல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டிருந்தால் எங்களை வேலைக்கே வைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இப்போது அவளையும் வைத்துக்கொள்ளவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்னும் கூப்பிடவில்லை. அவளுக்கு என்ன சொல்வது, பிரின்சி?

அருணா